காரோட்டில் ஒரு விக்டோரியா சீமாட்டி

நீராவி யுகத்து உடையணிந்து உலகமெங்கும் கூடிக் குதூகலிக்கிறார்கள் 'ஸ்டீம்பங்க்' ஆர்வலர்கள். அதே யுகத்தில், தமிழக - கேரள எல்லையில், மேல்சட்டை அணிவதே பெரும் போராட்டமாக இருந்தது.

காரோடு டீக்கடையில் அன்று காலை கொஞ்ச நேரம் வியாபாரம் நின்றுபோனது. காரணம் நான்தான். கழுத்துவரை பொத்தான் வைத்த பழுப்பு நிற மேல்சட்டை, இடுப்பில் தோல் பட்டை, அதில் தொங்கும் ஓடாத பாக்கெட் கடிகாரம், தலையில் உயரத் தொப்பி, தொப்பியைச் சுற்றிப் பித்தளை வளையம் பதித்த வெல்டிங் கண்ணாடி.

"சேச்சி, நாடகமா?" என்றார் கடைக்காரர். இல்லை என்றேன். "சினிமாவா?" அதுவும் இல்லை. "ஸ்டீம்பங்க்" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தி, "அதேது பார்ட்டி?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. அது 2024 பிப்ரவரி. மக்களவைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய கொடியோடு யாராவது வந்து நிற்கக்கூடிய காலம்.

காரோடு, நெய்யாற்றின்கரை தாலுகாவில் பாறசாலையை ஒட்டிய எல்லை ஊர். கழக்கூட்டத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை புறவழியின் பெயர்ப் பலகைகளில் கடைசியாக எழுதியிருப்பது இந்தப் பெயர்தான். 1956 நவம்பர் 1ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துக்குப் போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. கோடு போட்டாலும் பேச்சு பிரியவில்லை. இங்கே ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் விக்டோரியா காலத்துச் சீமாட்டி வேடத்தில் ஒருத்தி டீ குடிக்க வந்தால் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடிதத்தில் பிறந்த பெயர்

பெட்ரோலும் மின்சாரமும் வந்து நீராவியை ஓரங்கட்டாமல் இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? ஸ்டீம்பங்கின் அடிப்படைக் கேள்வி இதுதான். அந்த உலகில் விமானம் கொதிகலனால் பறக்கும். கம்ப்யூட்டர் பித்தளைப் பல்சக்கரங்களால் கணக்குப் போடும். இது வெறும் கற்பனையும் அல்ல. சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் 1830களிலேயே அப்படியொரு கணிப்பொறிக்கு வரைபடம் போட்டுவிட்டார். அவர் காலத்தில் அதை முழுதாகச் செய்து முடிக்கத்தான் முடியவில்லை.

பெயரைத் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ. ஜீட்டர். தானும் தன் நண்பர்களும் எழுதிவந்த விக்டோரியா காலத்து விசித்திரக் கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று 1987ல் 'லோகஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், பாதி கிண்டலாக இந்தச் சொல்லை முன்வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. 1990ல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' நாவல், பாபேஜின் இயந்திரம் வெற்றி பெற்ற லண்டனைக் காட்டியது.

புத்தகத்திலிருந்து உடைக்கு வந்ததுதான் அடுத்த கட்டம். இங்கிலாந்தில் லிங்கன் நகரில் 2009 முதல் 'அசைலம்' என்ற பெயரில் ஸ்டீம்பங்க் விழா நடக்கிறது. கோட்டையும் கதீட்ரலும் உள்ள அந்தப் பழைய ஊரின் தெருக்களில் பித்தளைக் கைகளோடும் இறுக்கிய இடைகளோடும் ஆர்வலர்கள் உலா வருவார்கள். நியூசிலாந்தின் ஒமாரு இன்னொரு தலைநகரம். 19ஆம் நூற்றாண்டின் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் அப்படியே மிச்சமிருக்கும் துறைமுக ஊர் அது. இந்த ரசனைக்கென்றே அங்கே 2011ல் ஒரு காட்சியகம் திறந்தார்கள்.

இவர்கள் கூடினால் என்ன செய்வார்கள்? முக்கியமான போட்டி ஒன்றைச் சொல்கிறேன். 'தேநீர்ச் சண்டை' என்று பெயர். எதிரெதிரே இருவர். ஆளுக்கொரு கோப்பை சூடான டீ, ஆளுக்கொரு பிஸ்கட். ஐந்து விநாடி பிஸ்கட்டை டீயில் நனைத்துவிட்டு வெளியே எடுக்க வேண்டும். பிறகு பொறுமைதான் ஆயுதம். நனைந்த பிஸ்கட் உடைந்து விழுவதற்குள், எதிராளிக்குப் பிறகு அதைச் சிந்தாமல் வாயில் போடுபவர் வென்றார். டீக்கடையில் இதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் தினமும் பயிற்சி செய்கிற விளையாட்டு.

நந்தம்பாக்கத்தில் மூன்று பேர்

என்னுடைய இலக்கு லிங்கன் அல்ல, சென்னை. டெல்லியில் 2011ல் தொடங்கிய 'காமிக் கான்' என்ற காமிக்ஸ் திருவிழா 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல்முறையாகச் சென்னைக்கு வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஏற்பாடு. டீக்கடை விஜயம் அதற்கான ஒத்திகை.

உடையின் கணக்கு இது. வெல்டிங் கண்ணாடி நாகர்கோவில் ஹார்டுவேர் கடையில் வாங்கியது. பித்தளை வளையங்கள் பழைய பாத்திரக் கடையில் எடை போட்டு வாங்கியவை. ஒரு காலத்தில் குத்துவிளக்கின் கழுத்தாக இருந்திருக்க வேண்டும். கடிகாரம் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. மேல்சட்டையைப் பாறசாலையில் ஒரு தையல்காரப் பெண் தைத்துத் தந்தார். தொப்பி அட்டையும் ஃபெல்ட் துணியும் ஒட்டி நானே செய்தது. எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். மூன்று வாரத்து ராத்திரிகள் தனிக்கணக்கு.

வேடமிட்டுப் போகும் வழக்கத்துக்கு வயது 80க்கு மேல். 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனின் உடையில் வந்தார். அதைத் தைத்தவர் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸ். தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டு கூடவே வந்தார். சரித்திரம் ஆக்கர்மனைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. தையல்காரருக்கு எப்போதும் இரண்டாம் இடம்.

சென்னையில் ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களின் ராஜ்யம். நீல முடி, மஞ்சள் முடி, ஆளுயர அட்டை வாள்கள். நீராவிக் கட்சியில் என் கண்ணில் பட்டவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். கல்லூரி மாணவர் ஒருவர் குடத்தின் வாய்ப்பகுதியை வெட்டித் தோள் கவசமாக்கியிருந்தார். இன்னொருவருடைய கை, குழாயும் பிரஷர் குக்கர் மீட்டருமாக இருந்தது. எங்கள் தலைமுறைக்கு அந்தக் கையைப் பார்த்ததும் நினைவு வருவது ஒருவர்தான்: 1972ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் காமிக்ஸின் தத்துப்பிள்ளையான அவர், தமிழ்ப் பையன்களின் சொந்தக்காரராகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

அந்த இரண்டு நாளும் சந்தோஷமாகவே போயின. முன்பின் தெரியாதவர்கள் வந்து, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பதுதான் இந்தக் கூட்டங்களின் பெரிய சுகம். வேலை, வயது, ஊர் எதையும் கேட்பதில்லை. பித்தளையை எதால் ஒட்டினீர்கள் என்பதே கேள்வி.

நம் ஊர்ப் பல்சக்கரங்கள்

பித்தளையும் பல்சக்கரமும் நமக்குப் புதிதா? முதுகலைத் தமிழ் படித்தபோது எனக்குப் பிடித்த காட்சி சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. கட்டியங்காரன் சூழ்ச்சியால் ராஜ்யம் போகும் நேரத்தில், மன்னன் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயையை அந்த இயந்திர மயிலில் ஏற்றி அனுப்புகிறான். ஒரு பக்கம் திருகினால் மேலே பறக்கும், மாற்றித் திருகினால் தரையிறங்கும். அது இறங்கிய இடம் சுடுகாடு. அங்கே பிறந்தவன் சீவகன். திருத்தக்கதேவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்துவைத்த விமானம்.

கற்பனை வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டைக்குப் போகலாம். பத்மநாபசுவாமி கோயிலின் பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி இருக்கும் மாளிகையின் உச்சியில் 'மேத்தன் மணி'. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1840 வாக்கில் அமைத்த கடிகாரம். மேலே தாடிக்காரர் முகம் ஒன்று, இரு பக்கமும் இரு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாய் திறப்பார், கடாக்கள் பாய்ந்து அவர் கன்னத்தில் முட்டும். வஞ்சியூரைச் சேர்ந்த குளத்தூக்காரன் என்ற உள்ளூர்க் கைவினைஞரின் வேலை என்கிறார்கள். லிங்கன் விழாவில் இதைக் கொண்டுபோய் வைத்தால் முதல் பரிசு வேறு யாருக்கும் கிடைக்காது.

ஸ்டீம்பங்க் ரசிகர்கள் கொண்டாடும் கேப்டன் நீமோவும் நம்மவர்தான். நாட்டிலஸ் நீர்மூழ்கியின் தலைவனான அவரை, பின்னால் எழுதிய 'மர்மத் தீவு' நாவலில் புந்தேல்கண்டின் இளவரசர் டக்கார் என்று வெளிப்படுத்துகிறார் ஜூல் வெர்ன். 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்து, கடலுக்கடியில் போனவர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோடு தீராத பகை கொண்ட இந்தியர், அந்தச் சாம்ராஜ்யத்தின் உடையணிந்தவர்களுக்குக் கதாநாயகன்!

உடுப்பணிந்த ஊர்வலத்துக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானை மேலும், வேளிமலை குமாரசுவாமி வெள்ளிக் குதிரையிலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். கூடவே மன்னரின் உடைவாள். களியக்காவிளையில் தமிழக போலீஸ் மரியாதை செய்து விடைகொடுக்க, கேரள போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக அது போகும்போது சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு, பழங்கால உடையில் ஊர்வலம் போவது விசித்திரமாகத் தோன்றாது.

கால்வாய்க் கரையில் ஒரு சந்தேகம்

அப்படியானால் என் உயரத் தொப்பிக்கு மட்டும் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்? பதில் அந்த ஒத்திகை நாளிலேயே கிடைத்தது.

டீக்கடையிலிருந்து போட்டோ எடுக்க ஏ.வி.எம். கால்வாய்க் கரைக்குப் போனோம். காரோட்டிலிருந்து கடலை நோக்கிச் சில கிலோமீட்டர். பூவாற்றில் தொடங்கிக் கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம் பக்கம் போகும் இந்தக் கால்வாயை 1860ல் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை படகு விடும் திட்டம், முழுமை பெறவில்லை. இன்று பல இடங்களில் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. முழுப் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாபசுவாமிக்கு ஒரு பாதி, மன்னருக்கு ஒரு பாதி, நடுவில் லண்டன் மகாராணி. விக்டோரியா சீமாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி எது?

தொடங்கிய மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. விக்டோரியாவுக்குத் தந்தச் சிம்மாசனம் அனுப்பியவரும் இவர்தான். 1851ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில், நீராவி இயந்திரங்களுக்கு நடுவே அதை வைத்தார்கள். ஆனால் இந்தப் பகுதி மக்கள் இவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. கால்வாய்க்கு ஓராண்டு முன், 1859 ஜூலை 26ல், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று பிரகடனம் வெளியிட்டவர் இவர்.

'உடுத்தலாம்' என்று அனுமதி தர வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்டிருந்த சாதிப் பெண்களும் மேலாடை அணிவதை வழக்கம் தடுத்தது. உயர்சாதியினர் முன் திறந்த மார்புடன் நிற்பதே மரியாதை என்றார்கள். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான பெண்கள் 'குப்பாயம்' எனும் மேல்சட்டை அணிய அனுமதி கிடைத்தது. 1822ல் அதை எதிர்த்துத் தாக்குதல்கள் தொடங்கின. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் உடைகளைக் கிழித்தார்கள். 1829ல் வந்த பிரகடனம் தோள்சீலை கூடாது என்றது. 1858ல் மீண்டும் கலவரம். வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகே 1859 பிரகடனம் வந்தது. அதிலும் ஒரு வால் இருந்தது. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

நான் கரையில் நின்றிருந்தேன், கழுத்துவரை பொத்தானிட்ட மேல்சட்டையோடு. 1858ல் இதே இடத்தில் என்னைப் போன்ற ஒருத்தி இதே சட்டையோடு நடந்திருந்தால் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். அடித்திருப்பார்கள். ஸ்டீம்பங்க் ஆர்வலர்கள் ஆசையோடு திரும்பிப் பார்க்கும் அந்தப் பொற்காலம் எங்கள் ஊரில் இப்படித்தான் இருந்தது.

இந்தக் கதை முடிந்துபோனதும் அல்ல. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திலிருந்த இந்தப் பகுதியைத் தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்று 2016ல் சி.பி.எஸ்.இ. நீக்கியது. 2023 மார்ச் 6ல் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நடந்தபோது தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் ஒரே மேடையில் வந்து நின்றார்கள்.

வில்லுவண்டியின் மணியோசை

அந்தக் காலத்தில் இங்கே உடையணிந்து உலாப் போனவர்களும் இருந்தார்கள். அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றியவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். தலைப்பாகை அவர்களுக்கு மறுக்கப்பட்ட மரியாதை. சுவாமித்தோப்பில் ஆண்கள் இன்றும் தலைப்பாகையோடுதான் வணங்குகிறார்கள்.

இன்னொருவர் அய்யன்காளி. காரோட்டுக்கு வடமேற்கே, விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863ல் பிறந்தவர். புலையர் சமூகத்தினர் பொதுச்சாலையில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம். 1893ல் அவர் ஒரு வில்லுவண்டி வாங்கினார். வில் வைத்த, குலுங்காத மாட்டுவண்டி; பணக்காரர்களின் அந்தக் காலத்துக் கார். இரண்டு காளைகள், அவற்றின் கழுத்தில் பெரிய பித்தளை மணிகள். வெள்ளை முண்டு, வெள்ளை பனியன், தலையில் தலைப்பாகை. அவர் அணியக் கூடாத எல்லாவற்றையும் அணிந்து, ஏறக் கூடாத வண்டியில் ஏறி, போகக் கூடாத சாலையில், எல்லோருக்கும் கேட்க மணியடித்துக்கொண்டு போனார். எதிர்த்து வந்தவர்களுக்கு அவரும் பதில் கொடுத்தார். சாலை திறந்தது. 1915ல் கொல்லம் பெரிநாட்டில் புலையர் பெண்கள், அடிமைச் சின்னமாக அணிய வேண்டியிருந்த கல்லுமாலைகளைக் கழற்றி எறிந்ததும் அவர் முன்னிலையில்தான்.

இயந்திரம், பித்தளை, உடை, பவனி. ஸ்டீம்பங்கின் சாமான்கள் அத்தனையும் அந்த வில்லுவண்டியில் இருந்தன. அணிந்தவர்களுக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி யோசிப்பது நான் மட்டும் இல்லை என்பது ஆறுதல். வியட்நாமிய வம்சாவளி அமெரிக்கரான டயானா ஃபோ, விக்டோரியா லண்டனுக்கு வெளியேயுள்ள நீராவி யுகத்தைப் பற்றி 2009 முதல் எழுதியும் மாநாடுகளில் பேசியும் வந்திருக்கிறார். ஜெய்மி கோவும் ஜாய்ஸ் செங்கும் தொகுத்து 2015ல் வந்த 'தி சீ இஸ் அவர்ஸ்' தொகுப்பு முழுக்கத் தென்கிழக்கு ஆசியாவின் ஸ்டீம்பங்க் கதைகள். வெள்ளைக்கார அதிகாரியின் தொப்பியைத்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது என்பதே இவர்களின் கேள்வி. பொழுதுபோக்கில் எதற்கு அரசியல் என்று சலித்துக்கொள்பவர்களும் இந்தக் கூட்டங்களில் உண்டு. உடை என்றைக்குமே அரசியலாக இருந்த ஊரிலிருந்து போகிறவளுக்கு அந்தச் சலிப்பு புரியவில்லை.

அதற்காக நான் பித்தளையைக் கைவிடவில்லை. கைவிட்டது தொப்பியை. அது எங்கள் ஊரில் யாருடைய தொப்பி என்று தெரிந்த பிறகு தலையில் உட்கார மறுக்கிறது. அய்யன்காளியின் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. அது விலை கொடுத்தவர்களின் சொத்து. எனவே அடுத்த உலாவுக்குக் குளத்தூக்காரனின் தொழிலை எடுத்துக்கொண்டேன்: 1860ல் பூவாற்றுப் படகுத்துறையில் கடிகாரம் பழுது பார்க்கும் பெண். அப்படியொருத்தி இருந்திருக்க மாட்டாள்; இருந்திருந்தால் என்பதுதானே இந்த விளையாட்டு. கண்ணாடி, தோல் பட்டை, ஸ்குரூ டிரைவர்கள், பாலராமபுரம் கைத்தறியில் ஒரு குப்பாயம்.

துணியை எடுத்துக்கொண்டு பாறசாலை தையல்காரப் பெண்ணிடம் போனேன். "கழுத்து இவ்வளவு உயரம் வேணுமா அக்கா? வெயில் தாங்காதே" என்றார். 1859ன் கதையைச் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்ததில்லையாம். கேட்டுக்கொண்டே அளவெடுத்தார். மறுவாரம் போய்ச் சட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தால், நான் சொன்ன ஏழு பொத்தான்களுக்கு மேல், கழுத்தோரம் எட்டாவதாக ஒன்று இருந்தது.